‘ஏன்’ என்ற கேள்விக்கு முன்: தன்னை அறிதலும் உணர்வுநலமும்

1. பொருளும் எல்லையும்

உணர்வுநலம் என்றதும் பலருக்கு எப்போதும் மகிழ்ச்சியாக இருக்கும் ஒரு மனிதரின் படம்தான் மனத்தில் வருகிறது. ஆலோசனை அறையில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஒரு நாள்கூட வேலை செய்ய முடியாது. சாவு விழுந்த வீட்டில் அழுவதும், ஏமாற்றப்பட்டவர் சினம் கொள்வதும், பயாப்சி முடிவுக்குக் காத்திருப்பவர் அஞ்சுவதும் நலக்குறைவு ஆகாது. நேர்ந்ததற்கு ஏற்ற உணர்வு எழ வேண்டும். எழுந்தது இன்னதென்று ஓரளவாவது தெரிய வேண்டும். அதைத் தாங்கிக்கொண்டு அன்றாட வேலையைப் பார்க்க முடிய வேண்டும். தாங்க முடியாதபோது இன்னொருவரிடம் சொல்ல வழி இருக்க வேண்டும். இந்த நான்கும் சேர்ந்ததையே இக்கட்டுரை உணர்வுநலம் என்று கொள்கிறது.

தன்னை அறிந்துகொண்டால் துன்பம் தீரும் என்ற நம்பிக்கை நம்மிடம் வேரோடிக் கிடக்கிறது. சமயங்கள் அதைச் சொல்கின்றன. தன்முன்னேற்ற நூல்களும் சொல்கின்றன. ஆலோசனைக்கு வருபவர்களும் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்: “நான் ஏன் இப்படி இருக்கேன்னு மட்டும் தெரிஞ்சா போதும் மேடம், மத்ததை நானே பாத்துக்குவேன்.” அந்த ஆசை நேர்மையானது. ஆனால் அந்தக் கேள்வியை முதற்கேள்வியாக வைத்துக்கொண்டு உள்ளே இறங்குபவர் பெரும்பாலும் தன் மேல் ஒரு குற்றப்பத்திரிகையை எழுதிக்கொண்டுதான் மேலே வருகிறார். எப்போது, எங்கே, யார் முன்னால், உடம்பில் எந்த இடத்தில் என்ற கேள்விகளே முதலில் கேட்கப்பட வேண்டியவை. ‘ஏன்’ அவற்றுக்குப் பின்னால், சற்று விலகி நின்று, இயன்றவரை இன்னொருவரின் துணையோடு கேட்கப்பட வேண்டியது. இதை உளவியல் ஆய்வுகளையும், தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலையும், என் தொழிலில் காண்பவற்றையும் கொண்டு நிறுவ முயல்கிறேன்.

இங்கே வரும் நேர்வு எந்தத் தனி மனிதருடையதும் அன்று. பலரிடம் கேட்டவற்றைச் சேர்த்து, அடையாளங்களை மாற்றி அமைத்தது. மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்ற கடும் நோய்களின் சிகிச்சை இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. அவற்றுக்கு மனநல மருத்துவரும் மருந்தும் தேவை.

2. உடம்பில் தொடங்கும் பேச்சு

‘எனக்கு வருத்தமாக இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டு உள்ளே வருபவர்கள் குறைவு. நெஞ்சுப் படபடப்பு, தலை கனம், வயிற்றைப் பிசைவது, கைகால் அசதி, விடியற்காலை மூன்று மணிக்கு வரும் விழிப்பு என்று ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் உட்காருகிறார்கள். அப்படி வந்த ஒரு அம்மாவை எடுத்துக்கொள்வோம். ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர். கணவர் இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகன் வெளிநாட்டில். கையில் ஒரு துணிக்கடைப் பை. அதற்குள் ஈசிஜி, எக்கோ, தைராய்டு, ரத்தசோகைப் பரிசோதனை எல்லாம். எல்லாமே இயல்பு. “ஒண்ணுமில்ல, டென்ஷன்தான்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஒண்ணுமில்லன்னா நெஞ்சு ஏன் இப்படி அடிச்சுக்குது?”

இந்த இடத்தில் உளவியல் வரலாற்றில் நெடுநாள் நிலவிய ஒரு கருத்தைத் தீர்த்துவிட்டுப் போக வேண்டும். ஆசியர்களுக்கு உணர்வைச் சொல்லும் ஆற்றல் குறைவு, அதனால் அவர்கள் மனத்துயரை உடல்வலியாக மாற்றிக்கொள்கிறார்கள் என்று மேலை மனநல மருத்துவம் நெடுங்காலம் பேசிவந்தது. உலக சுகாதார நிறுவனம் 14 நாடுகளில் 15 மையங்களில் பொது மருத்துவரிடம் வந்தவர்களைக் கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. பெங்களூரும் அந்த மையங்களில் ஒன்று. அதன் தரவுகளைக் கொண்டு கிரெகரி சைமனும் அவருடைய குழுவினரும் 1999இல் வெளியிட்ட கட்டுரை அந்தக் கருத்தின் அடித்தளத்தையே அசைத்தது. மனச்சோர்வு உறுதியானவர்களில் 69 விழுக்காட்டினர் மருத்துவரிடம் உடல் தொல்லைகளை மட்டுமே சொல்லியிருந்தார்கள். மேலை நாடுகளும் சேர்ந்த கணக்கு இது. மனத்தொல்லை உண்டா என்று நேராகக் கேட்டபோது இல்லையென்று மறுத்தவர்கள் 11 விழுக்காட்டினர்தாம். கேட்டால் சொல்கிறார்கள், கேட்காததால் சொல்லவில்லை.

அதே கட்டுரையின் இன்னொரு முடிவு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. உடல் தொல்லையை மட்டும் சொல்லும் போக்கு எங்கே மிகுந்தது? நோயாளிக்கும் மருத்துவருக்கும் தொடர்ந்த உறவு இல்லாத மையங்களில். ஒவ்வொரு முறையும் வேறு வேறு முகத்தின் முன் உட்கார வேண்டியிருக்கும்போது மனிதர் மூட்டுவலியைச் சொல்வார். மனவலியைச் சொல்ல மாட்டார். ஆகவே ‘உடம்பில் சொல்வது’ என்பதைப் பண்பாட்டின் குறையாகவோ தன்னறிவின் குறையாகவோ எடுத்துக்கொள்ளக் கூடாது. யாரிடம் எதைச் சொல்லலாம் என்பதைப் பற்றி மனிதருக்கு இருக்கும் சரியான மதிப்பீடு அது.

உணர்வை இனங்காண முடியாமல் தவிப்பவர்கள் உண்டு என்பதையும் மறுக்கவில்லை. 1970களில் பாஸ்டன் மனநல மருத்துவர் பீட்டர் சிஃப்னியாஸ் இந்நிலைக்கு அலெக்ஸிதைமியா என்று பெயரிட்டார். அப்படிப்பட்டவர்களிடம்கூட உடம்பை விட்டுவிட்டு ‘மனசுக்கு’ வரச் சொல்வதால் பயனில்லை. உடம்பு சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டு, அது எந்த நேரத்தில் சொல்கிறது என்று கேட்பதே வழி.

அந்த அம்மாவிடம் நான் கேட்டதும் அதைத்தான். படபடப்பு எந்த நாளில் அதிகம்? முதலில் “எப்பவும்தான்” என்றார். ஒரு வாரம் காலண்டர் தாளில் குறித்துக்கொண்டு வரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் குறி கூடுதலாக விழுந்திருந்தது. ஞாயிறு காலை மகன் பேசும் நேரம். என்ன பேசுவார்? “நல்லாத்தான் பேசுவான். பாசமான பிள்ளை.” வேறு? “இந்த வீட்ட வித்துட்டு என்கூட வந்துரும்மான்னு சொல்லுவான்.” நீங்கள் என்ன சொல்வீர்கள் அம்மா? “சரிப்பான்னு சொல்லுவேன். வேற என்ன சொல்றது?” சொல்லும்போது கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று.

‘நான் ஏன் இப்படி இருக்கிறேன்’ என்று அவர் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கண்டடைந்த விடை, ‘எனக்கு மனசு பலவீனம்’. காலண்டர் தாள் ஒரே வாரத்தில் வேறு விடையின் வாசலுக்குக் கொண்டுவந்து விட்டது.

3. மெய்ப்பாட்டியல் தரும் பார்வை

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயல் மெய்ப்பாட்டியல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு உணர்வுகளை அது வகுக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்கள், மொத்தம் முப்பத்திரண்டு. இது செய்யுளில் உணர்வு புலப்படும் வகையைப் பேசும் இலக்கணம். இன்றைய உளவியலை முன்பே சொல்லிவிட்டார்கள் என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது இலக்கணத்துக்கும் நல்லதல்ல, உளவியலுக்கும் நல்லதல்ல. ஆனால் அந்த வகைப்பாட்டின் கட்டமைப்பு ஓர் ஆலோசகருக்கு உண்மையிலேயே பயன்படுகிறது.

அங்கே எந்த உணர்வும் தனியாக நிற்பதில்லை. அச்சம் என்றால் எதன்முன் எழுந்த அச்சம் என்று இலக்கணம் உடனே கேட்கிறது: தெய்வம் போன்ற ஆற்றலா, விலங்கா, திருடரா, தம்மேல் அதிகாரம் உடையவரா? வெகுளிக்கும் அப்படித்தான். உடலுறுப்புக்குச் சேதம், குடிக்குக் கேடு, அடித்தும் வைதும் அலைத்தல், கொலை என்று நான்கு நிலைகளிலும் யாரோ ஒருவர் எதையோ செய்திருக்கிறார். வெகுளியை ஒரு மனிதரின் ‘குணம்’ என்று அந்த இலக்கணம் எடுத்துக்கொள்ளவில்லை. ‘எனக்குக் கோபம் ஜாஸ்தி’ என்று சொல்லிக்கொண்டு வருபவரிடம் நான் கேட்பதும் இதுதான்: இந்த வாரம் எந்தக் கோபம், யார் என்ன செய்தபோது வந்தது?

அழுகைக்குச் சொல்லப்படும் நான்கு களன்களில் ஒன்று அசைவு. முன்பிருந்த நிலைமை குலைந்து வேறாகி வருந்துவது என்று உரையாசிரியர்களில் ஒருவரான பேராசிரியர் அதை விளக்குகிறார். இழப்பு வேறு, வறுமை வேறு, பிறரால் இழிக்கப்படுவது வேறு. இவற்றிலிருந்து நிலைகுலைவைப் பிரித்துக் காட்டிய நுட்பத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு எதுவும் பறிபோகவில்லை. பணக்கஷ்டம் இல்லை. மகன் அவமதிக்கவும் இல்லை. ஆனால் நாற்பது ஆண்டுகள் தன் சொல்லால் நடந்த வீட்டைப் பற்றி இன்னொருவர் முடிவெடுக்கிறார். அம்மா ‘சரிப்பா’ என்கிறார். பாசத்தோடு நடப்பதால் அதை இழப்பு என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. இந்தத் துயரத்துக்கு ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்ததே அவருக்குப் பாதி ஆறுதலாக இருந்தது.

உரையாசிரியர்கள் இன்னொன்றையும் சொல்கிறார்கள். எள்ளல் காரணமாக எழும் நகை, தான் பிறரை எள்ளும்போதும் தோன்றும்; பிறர் தன்னை எள்ளும்போதும் தோன்றும். உணர்வு இருவருக்கு நடுவே நிகழ்வது என்பதை இந்த ஒரு குறிப்பு காட்டிவிடுகிறது. தன்னை அறிதலை ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு செய்யும் வேலையாக நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

4. ‘ஏன்’ எங்கே இடறுகிறது

நம் செயலுக்கான காரணம் நமக்குத் தெரியும் என்ற நம்பிக்கையை 1977இல் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் திமோதி வில்சனும் கடுமையாகக் கேள்விக்கு உட்படுத்தினார்கள். அவர்கள் விவரிக்கும் சோதனைகளில் ஒன்று கடையில் நடந்தது. ஒரே மாதிரியான நான்கு ஜோடிக் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கேட்டார்கள். வலக்கோடியில் இருந்ததையே மிகப் பலரும் தேர்ந்தார்கள். இடக்கோடியில் இருந்ததைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. ஏன் என்று கேட்டதற்குத் துணியின் நயம், பின்னல் என்று காரணங்கள் சொன்னார்கள். வைக்கப்பட்ட இடம் காரணமென்று தாமாகச் சொன்னவர் யாருமில்லை. அது காரணமாக இருக்குமா என்று கேட்டபோதும் மறுத்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. காரணம் கேட்கப்பட்டபோது மனம் நம்பத்தகுந்த ஒரு காரணத்தை உண்டாக்கித் தந்தது. அதை அவர்கள் தாங்களே உள்ளே பார்த்துக் கண்டதாக நம்பினார்கள்.

காலுறை விஷயத்தில் இது வேடிக்கை. மனம் சோர்ந்திருப்பவர் விஷயத்தில் ஆபத்து. ஏனென்றால் சோர்ந்த மனம் உண்டாக்கித் தரும் காரணங்கள் பெரும்பாலும் ஒரே திசையில் இருக்கின்றன: நான் சரியில்லை, எனக்குத் திறமையில்லை, என்னை யாருக்கும் பிடிக்காது. மனச்சோர்வில் எண்ணங்கள் இப்படி ஒருபுறம் சாய்வதை ஆரன் பெக் 1960களிலேயே விரிவாகக் காட்டினார். அறிதல்சார் சிகிச்சை அதிலிருந்தே வளர்ந்தது.

சூசன் நோலன்-ஹோக்செமாவின் ஆய்வு இங்கே முக்கியமானது. சோர்வு வந்தபோது அதன் காரணத்தையும் விளைவையும் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே இருக்கும் பழக்கம் சோர்வை நீட்டிக்கிறது என்பது அவருடைய கொள்கை. இதைச் சோதிக்க ஓர் இயற்கைப் பேரிடர் எதிர்பாராமல் வாய்ப்பளித்தது. 1989 அக்டோபர் 17 அன்று கலிபோர்னியாவில் லோமா பிரியேட்டா நிலநடுக்கம் ஏற்பட்டது. அதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்புதான் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம் மனநிலையையும் எண்ணும் பழக்கத்தையும் அவர் அளந்திருந்தார். பத்து நாளுக்குப் பிறகும் ஏழு வாரத்துக்குப் பிறகும் மறுபடி அளந்தபோது, அசைபோடும் பழக்கம் முன்பே உடையவர்கள் கூடுதலாகச் சோர்ந்திருந்தார்கள். முன்பிருந்த சோர்வின் அளவைக் கழித்துப் பார்த்தபிறகும் அப்படியே.

அசைபோடுபவர் தான் தன்னை ஆராய்வதாகவே நினைக்கிறார். இதுதான் இதிலுள்ள துயரம். ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கையில் புரண்டுகொண்டு, பத்து வருடத்துக்கு முன் ஒரு திருமணப் பந்தலில் யாரோ சொன்ன சொல்லை நூறாவது முறை எடுத்துப் பார்ப்பவருக்கு, இன்னும் ஒரு முறை பார்த்தால் புரிந்துவிடும் என்று தோன்றுகிறது. அவரிடம் ‘யோசிக்காதீங்க’ என்று சொல்வதைப் போல் பயனற்ற அறிவுரை வேறில்லை. 1987இல் வெளியான ஆய்வில் டேனியல் வெக்னர் சிலரிடம் ஐந்து நிமிடம் வெண்கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லிப் பார்த்தார். அவர்கள் நினைத்துக்கொண்டே இருந்தார்கள். பின்னர் நினைக்கலாம் என்று விட்டபோது, தொடக்கத்திலேயே நினைக்க விடப்பட்டவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள்.

அப்படியென்றால் ‘ஏன்’ என்று கேட்கவே கூடாதா? கேட்கலாம், எங்கே நின்று கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஈத்தன் கிராஸ், ஓஸ்லெம் அய்டுக், வால்டர் மிஷெல் ஆகியோர் 2005இல் காட்டியது இது. சினமூட்டிய நிகழ்ச்சியை மறுபடி அதற்குள் இருந்துகொண்டே ‘ஏன்’ என்று ஆராய்ந்தவர்களிடம் சினம் மீண்டும் மூண்டது. வெளியே நின்று வேறொருவரைப் பார்ப்பதுபோல் தன்னைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டவர்களிடம் அது தணிந்தது. நடந்ததை மறுபடி ஒப்பிப்பதற்குப் பதில் அதன் பொருளை அவர்களால் பார்க்க முடிந்தது. ஆலோசனை அறையில் இதை ஒரு கேள்வியாக மாற்றிக் கேட்கிறேன்: “உங்க தங்கச்சி இப்படி ஒரு ஞாயித்துக்கிழமைய வந்து சொன்னா, அவ மனசுல என்ன ஓடுதுன்னு நினைப்பீங்க?” அந்த அம்மா உடனே சொன்னார்: “பாவம், அவளுக்கு அந்த வீட்ட விட்டுப் போக மனசில்ல.” தனக்கு மாதக்கணக்கில் சொல்லிக்கொள்ள முடியாததைத் தங்கைக்கு ஒரு நொடியில் சொல்ல முடிந்தது.

5. அடக்குதல்

உணர்வை வெளியே காட்டாமல் அடக்குவது பற்றி ஜேம்ஸ் கிராஸும் ராபர்ட் லெவன்சனும் 1990களில் செய்த சோதனைகள் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன. மனத்தைத் தாக்கும் காட்சிகளைத் திரையிட்டு, சிலரிடம் முகத்தில் எதுவும் தெரியக் கூடாது என்று சொன்னார்கள். முகத்தில் தெரிவது குறைந்தது. வெறுப்பு, சோகம் போன்றவற்றின் உள்ளனுபவம் குறையவில்லை. பரிவு நரம்பு மண்டலத்தின் தூண்டல் சில அளவைகளில் கூடியது. முகத்தை மூடுவதற்கு உடம்பு விலை கொடுக்கிறது.

இதை வைத்துக்கொண்டு ‘எல்லாவற்றையும் வெளிப்படுத்துங்கள்’ என்று தமிழ்க் குடும்பங்களுக்குப் போதிப்பவர்களோடு நான் உடன்படவில்லை. 2007இல் எமிலி பட்லர் தலைமையில் வந்த ஆய்வு, அடக்குவதால் உறவில் ஏற்படும் கெடுதல் பண்பாட்டைப் பொறுத்து மாறுகிறது என்று காட்டியது. ஆசிய விழுமியங்களை உடைய பெண்களிடம் அக்கெடுதல் குறைவாகவே இருந்தது. பெரியவர் முன் குரலைத் தாழ்த்துவதும், துக்க வீட்டில் தன் சொந்தக் குறையைப் பேசாமல் இருப்பதும் நமக்குத் தெரிந்த மரியாதைகள். அவற்றால் யாரும் நோயாளி ஆகிவிடுவதில்லை.

தெரிந்து அடக்குவதற்கும் தெரியாமலே அடங்கிப்போவதற்கும் உள்ள வேறுபாட்டைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். ‘இப்போது எனக்குக் கோபம், மாமனார் முன்னால் பேச மாட்டேன், ராத்திரி கணவரிடம் சொல்வேன்’ என்று ஒரு மருமகள் முடிவுசெய்தால் அது அடக்கம். தனக்குக் கோபம் வந்தது என்பதே தெரியாமல் அன்று இரவு ஒற்றைத் தலைவலியோடு படுத்துவிட்டால், அங்கே முடிவெடுத்தவர் யாருமில்லை. முதலாவதில் தேர்வும் நேரமும் அதைச் சொல்ல ஓர் ஆளும் உண்டு. இரண்டாவதில் மூன்றும் இல்லை. ‘சரிப்பா’ என்ற அம்மாவின் சொல் இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

ஆண்களைப் பற்றியும் ஒரு வரி சொல்லியாக வேண்டும். நம்மிடையே சினம் ஒன்றே ஆணுக்கு அனுமதிக்கப்பட்ட உணர்வாக இருக்கிறது. வேலை போன அச்சமும், கடன்காரர் முன் நின்ற இழிவும், தந்தையை இழந்த துக்கமும் எல்லாம் சினத்தின் வாசல் வழியாகவே வெளியே வருகின்றன; பலருக்குக் குடியின் வாசல் வழியாக. அந்தச் சினத்துக்கு மட்டும் ‘கோப மேலாண்மை’ கற்றுக்கொடுத்துவிட்டு அனுப்புவது வேலையைப் பாதியில் விடுவது.

6. சொல்வதும் கேட்பதும்

உணர்வைச் சொல்லாக்குவது பயன் தருகிறதா? மேத்யூ லீபர்மனின் குழு 2007இல் மூளைப் படமெடுப்பின் வழியே காட்டியது: அச்சமோ சினமோ தெரியும் முகங்களைப் பார்த்து அந்த உணர்வின் பெயரைத் தேர்ந்தபோது மூளையின் அமிக்டலா பகுதியின் இயக்கம் தணிந்தது, வலப்பக்க முன்மூளைப் பகுதி ஒன்றின் இயக்கம் கூடியது. ஆய்வுக்கூடத்துப் படங்களுக்கும் வாழ்க்கைக்கும் இடைவெளி பெரிது என்பதால் இதை அளவுக்கு மேல் இழுக்க நான் விரும்பவில்லை.

ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வு வாழ்க்கைக்கு இன்னும் நெருங்கியது. மாணவர்கள் நான்கு நாள், தினம் 15 நிமிடம், தங்கள் வாழ்வின் மிகத் துயரமான அனுபவத்தை எழுதினார்கள். நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த அன்று அவர்களுடைய மனநிலை மோசமாகத்தான் இருந்தது. இந்தப் பின்பகுதியை மறைத்துவிட்டு ‘எழுதுங்கள், லேசாகும்’ என்று சொல்பவர்கள் மக்களை ஏமாற்றுகிறார்கள். எழுதியபின் மனம் கனக்கும்; அதைத் தெரிந்துகொண்டே எழுத வேண்டும். உணர்வை மட்டும் கொட்டியவர்களுக்கும் நடந்ததை மட்டும் எழுதியவர்களுக்கும் அதே பயன் கிடைக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளலாம். நிகழ்வும் உணர்வும் ஒரே தாளில் சந்திக்க வேண்டியிருக்கிறது. மெய்ப்பாட்டியலின் கட்டமைப்பு எனக்கு மறுபடி நினைவுக்கு வருவது இங்கேதான்.

கேட்பவர் பக்கத்துக்கு வருவோம். கார்ல் ரோஜர்ஸ் 1957இல், ஒருவரிடம் மாற்றம் நிகழ ஆலோசகரிடம் இருக்க வேண்டியவை என்று உண்மைத்தன்மை, நிபந்தனையற்ற மதிப்பு, பிறர் நிலையில் நின்று உணர்தல் ஆகியவற்றை வற்புறுத்தினார். அவரோடு சிகாகோவில் பணியாற்றிய யூஜின் ஜென்ட்லின் சிகிச்சை உரையாடல்களின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து இன்னொன்றைக் கண்டார். யாருக்குச் சிகிச்சை பயன்படும் என்பதைத் தொடக்க அமர்வுகளிலேயே ஊகிக்க முடிந்தது. பயன்பெறப் போகிறவர்கள் சரளமாகப் பேசவில்லை. நடுவில் நின்றார்கள். ‘அது... அப்படி இல்ல... என்னமோ இங்க அடைக்கிற மாதிரி’ என்று தடவித் தடவிப் பேசினார்கள். உடம்பில் இன்னும் சொல்லாகாமல் இருக்கும் ஒன்றைக் கவனித்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் சொல் வரும்வரை காத்தார்கள். ஜென்ட்லின் 1978இல் இதை ஒரு பயிற்சிமுறையாக நூல் வடிவில் தந்தார்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: நெஞ்சில் கைவைத்துத் தயங்கும் அம்மா, தன் வாழ்க்கையைக் கோவையாக விளக்கும் பட்டதாரியைவிடத் தன்னறிவுக்கு அருகில் இருக்கக்கூடும். நன்றாக விளக்கத் தெரிந்தவர்களிடம்தான் எனக்குக் கூடுதல் பொறுமை தேவைப்படுகிறது. அவர்களுடைய விளக்கம் முன்பே முடிந்துவிட்டது, உணர்வு இன்னும் தொடங்கவில்லை.

கேட்பவர் ஆலோசகராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ரகுராம் முதலியோர் வெளியிட்ட ஆய்வு, தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளைப் பற்றியது. சராசரியாக ஆறு வார அளவு தங்கினார்கள். மருந்து தரப்படவில்லை, சிறப்புப் பூசை என்றும் எதுவும் இல்லை. குடும்பத்தார் உடன் இருந்தார்கள், நோயாளிகள் சிறு வேலைகள் செய்தார்கள், யாரும் அவர்களை அதட்டவில்லை. அறிகுறிகளின் அளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. சிறிய ஆய்வு, ஒப்பீட்டுக் குழுவும் இல்லை, மருந்தை நிறுத்தச் சொல்ல இது ஆதாரம் ஆகாது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் மாண்டதை அறிந்த யாரும் வழிபாட்டுத் தலத்தையொட்டிய தங்குமிடம் என்றாலே பாதுகாப்பு என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் மதிப்போடு நடத்தப்படுவதும் உடன் ஆள் இருப்பதும் தம்மளவில் வேலை செய்கின்றன என்பதை அந்த ஆய்வு காட்டுகிறது.

7. தன்னறிவு போதாத இடங்கள்

அடிவாங்கும் மனைவியிடம் ‘உங்கள் கோபத்தைப் புரிந்துகொள்ளுங்கள்’ என்று சொல்வது ஆலோசனை ஆகாது; அநீதி. அவளுடைய அச்சமும் வெகுளியும் சரியாகவே வேலை செய்கின்றன. அவளுக்குத் தேவை 181 என்ற உதவி எண்ணும், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும், தங்க ஓர் இடமும். உணர்வு எதைச் சுட்டுகிறதோ அதைப் பார்க்காமல் உணர்வையே திருத்தப் போவது என் தொழிலில் மிகப் பரவலான தவறு.

தற்கொலைத் தடுப்பில் இது தெளிவாகத் தெரிகிறது. சென்னையில் 1986இல் ஸ்னேகா அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவருடைய குழுவினரும் கடலூர் மாவட்டத்தில், பூச்சிமருந்தை வீடுகளில் வைக்காமல் ஊர்ப் பொதுவிடத்தில் பூட்டுள்ள பெட்டிகளில் வைக்கும் முறையைச் சோதித்தார்கள். தற்கொலை எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் பலருக்கு மிகக் குறுகியது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தொலைவில் நஞ்சு இல்லாதிருப்பதே உயிரைக் காக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பில் தவறியவர்கள் ஓராண்டு காத்திராமல் உடனே எழுதத் தமிழ்நாட்டில் துணைத்தேர்வு வைத்திருப்பதும் அத்தகையது. மாணவரின் மனத்தில் எதையும் மாற்றாமல், அவருக்கு நேர்ந்ததன் அளவைச் சுருக்குகிறது அது.

தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்த்த பார்வையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மாற்றியது. அவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும். அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது அதன் 115ஆம் பிரிவு. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலும் அழைத்துப் பேசலாம். தற்கொலை எண்ணம் வந்துபோகும் யாரும், அவர்களோடு இருக்கும் யாரும், இக்கட்டுரையை முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

8. தமிழில் இனி ஆய வேண்டியவை

2015-16இல் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடந்தது. வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு அப்போது இருந்ததாகவும், சிகிச்சை கிட்டாதவர்களின் பங்கு நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காடு வரை என்றும் அது கணித்தது. இவ்வளவு பெரிய இடைவெளியை மனநல மருத்துவர்களையும் ஆலோசகர்களையும் மட்டும் வைத்து நிரப்ப முடியாது.

நாம் பயன்படுத்தும் வினாத்தாள்கள் பெரும்பாலும் மொழிபெயர்க்கப்பட்டவை. மனச்சோர்வைக் கண்டறியும் ஒன்பது கேள்விகள் கொண்ட பிஎச்க்யூ-9 பயனுள்ள கருவி, நானும் பயன்படுத்துகிறேன். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் தூக்கம் கெட்டது என்று அது கேட்கும். எந்த நாளில், எதற்குப் பிறகு, யாருடைய பேச்சுக்குப் பிறகு என்று கேட்காது. நிலைக்களனோடு சேர்த்து உணர்வைக் கேட்கும் ஒரு வினாத்தாள் தமிழில் உருவாக்கப்பட்டு, மதுரையிலும் நாகர்கோவிலிலும் தருமபுரியிலும் யாழ்ப்பாணத்திலும் சோதிக்கப்பட வேண்டும். மெய்ப்பாட்டியலின் முப்பத்திரண்டும் அதற்கு ஒரு தொடக்கப் பட்டியலாக உதவும். கடன், வேலை, சாதி இழிவு, திருமணப் பேச்சு, பிள்ளைகள் பிரிந்திருத்தல் போன்ற இன்றைய களன்களை மக்களிடமிருந்து கேட்டுச் சேர்க்க வேண்டியிருக்கும்.

அதை யார் கேட்பது? 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்க அதே வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போகிறார்கள். சைமன் குழுவின் ஆய்வில் மனத்துயர் வாய்க்கு வருவதற்குத் தடையாக இருந்தது தொடர்ந்த உறவின் இன்மை. இங்கே அந்த உறவு முன்பே இருக்கிறது. தெருவின் பெயரும், பேரக்குழந்தையின் பெயரும் தெரிந்த ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார். படபடப்பு என்று சொல்பவரிடம் பிரஷர் பார்த்தபிறகு எப்போது, எங்கே, யார் முன்னால், உடம்பில் எந்த இடத்தில் என்று கேட்கவும், கேட்டதைக் குறித்துவைக்கவும், தேவையானவரை மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்பவும் அவர்களுக்குப் பயிற்சி தர முடியும். ஒரு வட்டாரத்தில் தொடங்கி, பயிற்சி பெற்றவர்கள் செல்லும் வீடுகளையும் பெறாதவர்கள் செல்லும் வீடுகளையும் ஓராண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கும் வேலைச்சுமைக்கு மேல் இதை இலவசமாக ஏற்றக் கூடாது. கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் ஊதியம் ஆய்வுத் திட்டத்தின் செலவிலேயே சேர்க்கப்பட வேண்டும்.